நோயை மறைப்பதற்குப் பெயர் நாணம் அல்ல





சென்ற ஆண்டு எங்கள் பெண்கள் மதரஸாவின் வாராந்திர பயானில் நபி அய்யூப் (அலை) அவர்களின் வரலாற்றைச் சொல்லிக் கொண்டிருந்தேன். உடல் நலிந்து, செல்வம் அழிந்து, நீண்ட காலம் நோயில் கிடந்த அந்த நல்லடியாரின் பொறுமையை விளக்கிவிட்டு, "நோய் வந்தால் எவரிடமும் வாய் திறவாமல் தாங்கிக்கொள்வதே அழகிய பொறுமை" என்று முடித்தேன். பல ஆண்டுகளாக அப்படித்தான் முடித்து வருகிறேன்.

துஆ முடிந்து பெண்கள் கலைந்தார்கள். கடைசி வரிசையில் ஒரு தாய் மட்டும் எழாமல் இருந்தார். என் மாணவி ஒருத்தியின் உம்மா. அருகே சென்றேன். தாழ்ந்த குரலில் அவர் கேட்டார்: "ஆலிமா, அய்யூப் நபிக்குப் பக்கத்துல அவங்க மனைவி இருந்தாங்க. எனக்குப் பக்கத்துல யார் இருக்கா?"

மார்பகப் புற்றுநோய்க்காக அவருக்கு அறுவை சிகிச்சை நடந்து அப்போது 14 மாதங்கள் ஆகியிருந்தன. கணவருக்கும் மாமியாருக்கும் தவிர எவருக்கும் தெரியாது. என்னிடம் ஓதும் அவருடைய மகளுக்கே, "உம்மாவுக்கு கர்ப்பப்பை ஆபரேஷன்" என்றுதான் சொல்லப்பட்டிருந்தது. அப்படிச் சொல்லச் சொன்னவர்கள் பொல்லாதவர்கள் அல்லர். ஐந்து வேளை தொழுபவர்கள். அவர் மீது பாசம் உள்ளவர்கள். "பொம்பள நோவு, வெளிய தெரிஞ்சா மானம் போயிடும், பிள்ளைக்கு மாப்பிள்ளை அமையாது" என்பதே அவர்கள் கூறிய காரணம்.

அன்று அந்தத் தாய்க்கு என்னிடம் மறுமொழி இல்லை. நான் பயானில் சொன்ன சொல்லே அவருடைய வாயை அடைக்க உதவியிருக்கிறது என்ற எண்ணம் என்னை உறங்கவிடவில்லை. தாமதமாகவேனும் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும் முயற்சியே இக்கட்டுரை. இதில் வரும் பெண்களின் அனுமதியோடும், அவர்களை எவரும் அடையாளம் காண இயலாதவாறும் எழுதுகிறேன்.

ஒரே தெரு, இரண்டு கதவுகள்

எங்கள் பகுதிப் பெண்கள் பலர் புற்றுநோய்ச் சிகிச்சைக்கு மதுரைக்கோ, திருவனந்தபுரத்துக்கோ, சென்னைக்கோ செல்கிறார்கள். அந்தத் தாயும் கரண்ட் வைப்பதற்காக வெளியூரில் வாரக்கணக்கில் தங்கியிருந்தார். ஒருநாள் காலை மருத்துவமனையின் காத்திருப்புக் கூடத்தில், புர்கா அணிந்த மற்றொரு பெண் செவிலியரிடம் ஏதோ கேட்டுக்கொண்டிருந்தார். முகம் தெரியவில்லை; குரல் தெரிந்தது. நம் ஊர்ப் பேச்சு. திரும்பிப் பார்த்தால், ஒரே தெருவில் ஆறு வீடுகள் தள்ளிக் குடியிருப்பவர்!

கல்யாண வீடுகளில் ஒரே சஹனில் சாப்பிட்டவர்கள். அவருக்கும் அதே நோய். அவருடைய வீட்டிலும் அதே மறைப்பு, அங்கே சொல்லப்பட்ட பொய் "வயிற்றுப் புண்." ஏறத்தாழ ஓராண்டு காலம், ஆறு வீட்டு இடைவெளியில், இரண்டு பெண்கள் ஒரே அச்சத்தோடு தனித்தனியே கிடந்திருக்கிறார்கள். ஒருவரையொருவர் கண்டறிவதற்கு அவர்கள் ஊரைவிட்டே வெளியேற வேண்டியிருந்தது.

சகோதரர்களே! இதை வாசிக்கும்போது உங்களுக்குச் சினம் வரவில்லையா? எனக்கு வந்தது. பள்ளிவாசலின் பாங்கோசை இரண்டு வீட்டுக்கும் ஒரே நேரத்தில் கேட்கும். நோன்புக் கஞ்சி ஒரே அண்டாவிலிருந்து இரண்டு வீட்டுக்கும் போகும். இந்த ஒரு செய்தி மட்டும் போகாமல் இருக்க, இரண்டு குடும்பங்களும் முழு மூச்சாக உழைத்திருக்கின்றன. இதைத்தான் நாம் நாணம் என்றும், குடும்ப மானம் என்றும், சில வேளைகளில் மார்க்கம் என்றும் அழைக்கிறோம்.

அவர்கள் ஒருவருக்கொருவர் தந்தவை

ஊர் திரும்பிய பின் அந்த இருவரும் வாரம் ஒருமுறை, லுஹருக்குப் பின் ஆண்கள் கடைக்குப் போன வேளையில், ஒருவர் வீட்டு அடுக்களையில் சந்திக்கத் தொடங்கினார்கள். பின்னர் பக்கத்துத் தெருவிலிருந்து ஒருவரும் பக்கத்து ஊரிலிருந்து ஒருவரும் சேர்ந்தார்கள். இப்போது ஐவர். அவர்கள் அழைத்ததால் நானும் இருமுறை சென்று அமர்ந்தேன். அந்தச் சகோதரிகளிடம் நான் கற்றவை பல.

அறுவை நடந்த பக்கத்துக் கையை உயர்த்த முடியாமல், தலை சீவக்கூட மகளைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார் ஒருவர். மற்றொருவர் அவரைச் சுவரருகே நிறுத்தி, விரல்களால் சுவரில் சிறிது சிறிதாக மேலேறும் பயிற்சியைச் செய்து காட்டினார். மருத்துவமனையில் இதைச் சொல்லியே அனுப்பியிருந்தார்கள். வலித்ததும் விட்டுவிட்டார். வலித்தபோதும் செய்து மீண்ட ஒருத்தி அருகே நின்று "இன்னும் ஒரு விரல்" என்று சொன்னபோது செய்தார். இன்று தக்பீருக்குக் கை உயர்கிறது.

அக்குளில் உள்ள நிணநீர் முடிச்சுகளை அகற்றியவர்களுக்குப் பிற்காலத்தில் கை வீங்கும் வாய்ப்பு உண்டு. அந்தக் கையில் காயமோ சூடோ படாமல் பார்த்துக்கொள்ளச் சொல்கிறார்கள். கடற்கரையூர்ப் பெண்ணிடம் "காயம் படக்கூடாது" என்றால் அதன் பொருள் என்ன? மீன் ஆயும்போது முள் குத்தக்கூடாது என்பதுதான். ரப்பர் கையுறை போட்டு மீன் ஆயலாம் என்று அவருக்குச் சொன்னது இன்னொரு மீன்கார வீட்டுப் பெண்.

கீமோ ஊசி போட்ட வாரத்தில் வாயெல்லாம் புண்ணாகி, தண்ணீரும் எரிகிறபோது, மிளகாய் சேர்க்காத நோன்புக் கஞ்சியை ஆறவைத்துக் குடித்தால் இறங்கும் என்று ஒருவர் சொன்னார். ஊசி போட்ட நாள்களில் காய்ச்சல் கண்டால் "விடியட்டும்" என்று காத்திருக்கக்கூடாது, உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும் என்று மற்றொருவர் எச்சரித்தார். அவர் ஓர் இரவு காத்திருந்து மரணத்தின் வாசல்வரை போய் வந்தவர். முடி கொட்டிய தலையில் கிமார் வழுக்கி இறங்காமல் இருக்க உள்ளே பருத்தித் தொப்பி தைத்துக் கொடுத்தார் ஒருவர். இழந்த மார்பின் இடத்தில் வைத்துக்கொள்ள நூலால் பின்னி, பஞ்சடைத்த செயற்கை மார்பைச் செய்யக் கற்றுக்கொண்டார் இன்னொருவர்.

சிகிச்சை முடிந்துவிட்டால் எல்லாம் முடிந்தது என்று வீட்டார் நினைத்துவிடுகிறார்கள். ஆனால் பலர் ஐந்து ஆண்டுகள், சிலர் பத்து ஆண்டுகள் தினமும் மாத்திரை விழுங்க வேண்டும். உடல் திடீரெனத் தீயாய் எரியும், மூட்டு வலிக்கும், உறக்கம் கெடும். ஆறு மாதத்திற்கொருமுறை பரிசோதனை நாள் நெருங்க நெருங்க, திரும்ப வந்திருக்குமோ என்ற அச்சம் நெஞ்சை அடைக்கும். "ஆபரேஷன் முடிஞ்சு ரெண்டு வருஷமாச்சு, இன்னும் என்ன?" என்று கேட்கும் வீட்டில் இதைச் சொல்ல முடியாது. அந்த அடுக்களையில் சொல்ல முடிகிறது. அங்கே அவர்கள் சிரிக்கவும் சிரிக்கிறார்கள். மொட்டைத் தலையில் பேரன் தாளம் போட்ட கதையைச் சொல்லி ஐவரும் கண்ணில் நீர் வரச் சிரித்ததை நான் பார்த்தேன்.

மருந்தை மருத்துவர் தருவார். பணத்தை உறவினர் தரலாம். "நானும் இப்படித்தான் இருந்தேன், இதோ உன் முன்னால் உட்கார்ந்திருக்கிறேன்" என்ற சொல்லை, அந்நோயைக் கடந்த ஒருத்தி மட்டுமே தர முடியும். அந்தச் சொல் நம் பெண்களுக்குக் கிடைக்காமல் தடுப்பது நோயன்று, நாம்தான்.

நாணத்தின் பெயரால்

"ஹயா ஈமானின் ஒரு பகுதி அல்லவா? பெண்ணின் மார்பைப் பற்றி ஊரில் பேசலாமா?" என்று கேட்பவர்கள் உண்டு. நாணம் ஈமானின் கிளை என்பதில் எனக்கு ஐயமே இல்லை. அதையே மாணவிகளுக்குக் கற்பிக்கிறேன். ஆனால் ஸஹாபாக்கள் அந்த நாணத்தை எப்படி விளங்கியிருந்தார்கள் என்று பாருங்கள்.

இம்ரான் பின் ஹுஸைன் (ரலி) அவர்களுக்கு மூல நோய் இருந்தது. அவர்கள் அதை வெளிப்படையாகவே நபி (ஸல்) அவர்களிடம் சொல்லி, தாம் எவ்வாறு தொழுவது என்று கேட்டார்கள். நின்று தொழ இயலாவிட்டால் உட்கார்ந்தும், அதற்கும் இயலாவிட்டால் படுத்தும் தொழலாம் என்ற விளக்கம் அந்தக் கேள்விக்கே பதிலாகக் கிடைத்தது (புகாரி). இன்று கீமோவின் களைப்பில் நாற்காலியில் அமர்ந்து தொழும் ஒவ்வொரு சகோதரியும், ஒரு ஸஹாபி தம் நோயைச் சொன்னதன் பயனை அனுபவிக்கிறார்.

ஃபாத்திமா பின்த் அபீஹுபைஷ் (ரலி) தமக்கு இடைவிடாமல் இருந்த உதிரப்போக்கை நபியவர்களிடம் எடுத்துரைத்துச் சட்டம் கேட்டார்கள் (புகாரி). அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் அன்சாரிப் பெண்களைப் பாராட்டியபோது, மார்க்கத்தை விளங்கிக்கொள்வதிலிருந்து வெட்கம் அவர்களைத் தடுக்கவில்லை என்பதையே அவர்களின் சிறப்பாகச் சொன்னார்கள் (முஸ்லிம்). ருஃபைதா (ரலி) என்ற பெண்மணி காயமுற்றோருக்கு மருத்துவம் செய்தவர். அகழ்ப்போரில் காயம்பட்ட ஸஅத் பின் முஆத் (ரலி) அவருடைய பராமரிப்பில் வைக்கப்பட்டார்கள். ஸஅதுக்காக அன்று கூடாரம் எழுப்பப்பட்ட இடம் மஸ்ஜிதுந் நபவீ.

போரில் மூக்கை இழந்த அர்ஃபஜா (ரலி) வெள்ளியால் ஒரு மூக்குச் செய்து வைத்தார்கள். அது துர்நாற்றம் தந்தது. ஆண்களுக்குப் பொன் விலக்கப்பட்டிருந்தும், பொன்னால் மூக்குச் செய்துகொள்ள நபி (ஸல்) அவர்கள் அவருக்கு வழிகாட்டினார்கள் (அபூதாவூத், திர்மிதி). உறுப்பை இழந்தவரின் மனக்குறையை மார்க்கம் இவ்வளவு மதிக்கிறது. அப்படியிருக்க, செயற்கை மார்பை ஆடைக்குள் வைத்துக்கொள்ளும் பெண்ணைப் பார்த்து "அல்லாஹ் எடுத்ததுக்குப் பதிலா நீ வைக்கிறியா?" என்று கேட்க நமக்கு நாக்கு எப்படி வருகிறது?

ஊர் என்ன சொல்லுமோ என்ற அச்சம் நம்மிடம் இருக்கிறது. அந்த அச்சத்துக்கு நாணம் என்ற பட்டாடையைப் போர்த்தி வைத்திருக்கிறோம். உண்மையான நாணம் அல்லாஹ்வின் முன் குற்றம் செய்ய வெட்கப்படும். நோய் குற்றம் அன்று.

பொறுமையின் பெயரால்

"நோய் அல்லாஹ்வின் சோதனை. ஸப்ரு செய்" என்கிறோம். சோதனைதான். ஆனால் சோதிக்கப்படுபவள் அவள் மட்டுமா? அவளுக்கு அருகில் இருக்கும் நாமும் சோதிக்கப்படுகிறோம்.

நபி யஃகூப் (அலை) மகனின் பிரிவால் அழுது கண்கள் வெளுத்துப்போனதைத் திருக்குர்ஆன் சொல்கிறது (12:84). அவர்களின் பொறுமையை எவரேனும் குறை சொல்ல முடியுமா? நபி அய்யூப் (அலை) தம்மைத் துன்பம் தொட்டுவிட்டதாக இறைவனை வாய்விட்டு அழைத்தார்கள் (21:83). அவர்களின் துன்பத்தை நீக்கிய இறைவன் அவர்களின் குடும்பத்தாரையும் திரும்ப வழங்கியதாகச் சொல்கிறான் (38:43). இத்தனை ஆண்டுகள் இந்த வசனத்தை ஓதியும், அந்த அருளில் உறவின் அருகாமையும் அடங்கியிருப்பதை நான் கவனித்ததில்லை. ஒரு நோயாளித் தாய் கவனித்தார்.

இன்னொரு தவறும் பொறுமையின் பெயரால் நடக்கிறது. கட்டி தட்டுப்பட்ட பெண், வலி இல்லை என்பதால் விட்டுவிடுகிறாள். பிறகு ஓதிய தண்ணீர், பிறகு நாட்டு மருந்துப் பற்று, பிறகு "நோன்பு முடியட்டும்", பிறகு "மகள் கல்யாணம் முடியட்டும்." என் சொந்தச் சாச்சி இப்படித்தான் ஒன்றரை ஆண்டுகளைக் கழித்தார்கள். மருத்துவமனைக்குப் போனபோது நோய் எலும்பைத் தொட்டிருந்தது. துஆ ஓதுவதை நான் மறுக்கவில்லை. நானும் ஓதி ஊதுகிறேன். ஆனால் ஒவ்வொரு நோய்க்கும் அல்லாஹ் நிவாரணத்தை இறக்கியிருக்கிறான், மருத்துவம் செய்துகொள்ளுங்கள் என்ற கருத்தில் நபியவர்கள் வழிகாட்டியிருக்கும்போது, மருத்துவத்தைத் தள்ளிப்போடுவதற்குத் துஆவைச் சாக்காக்குவது துஆவுக்கே செய்யும் அவமரியாதை.

இந்தியப் பெண்களிடையே மிக அதிகமாகக் காணப்படும் புற்றுநோய் இதுவே. உலகப் புற்றுநோய் ஆய்வு முகமையின் 2022-ஆம் ஆண்டு மதிப்பீட்டின்படி, நம் நாட்டில் அந்த ஓராண்டில் மட்டும் சுமார் 1,92,000 பெண்களுக்கு இந்நோய் புதிதாகக் கண்டறியப்பட்டது. சுமார் 98,000 பேர் இறந்தனர். ஆரம்ப நிலையில் கண்டால் பெரும்பாலோரைக் காப்பாற்ற முடிகிற நோயில் இத்தனை மரணம் ஏன்? காலம் கடந்து வருவது அதன் பெரிய காரணங்களுள் ஒன்று. வெட்கமும் மறைப்பும் அந்தக் காலத்தைத் தின்கின்றன.

கல்யாணச் சந்தையின் பெயரால்

மறைப்புக்கு உண்மையான காரணம் பெரும்பாலும் இதுதான்: "தாய்க்கு இருந்தால் மகளுக்கும் வரும் என்பார்கள்; பெண் கேட்டு எவரும் வரமாட்டார்கள்."

மருத்துவம் என்ன சொல்கிறது? மார்பகப் புற்றுநோய்களில் நூற்றுக்கு ஐந்து முதல் பத்து வரையே பெற்றோரிடமிருந்து வரும் மரபணுக் கோளாறால் நேர்பவை. மிகப் பெரும்பாலானவை அப்படியல்ல. குடும்பத்தில் பலருக்கு இருந்தாலோ, இளவயதிலேயே வந்தாலோ, மகள்கள் மருத்துவரிடம் ஆலோசனை பெற வேண்டும். தாயின் நோயை மகளிடமே மறைத்தால் அவள் எதைச் சொல்லி ஆலோசனை பெறுவாள்? அவள் வாழ்வைக் காப்பதாக எண்ணி, அவள் உயிரைக் காக்கக்கூடிய செய்தியை அவளிடமிருந்து மறைக்கிறோம்.

பெண் பார்க்க வரும் வீட்டாரிடமும் ஒரு சொல். தாய்க்குப் புற்றுநோய் என்றறிந்து எழுந்து போகிறீர்களே, உங்கள் மகனுக்கு நாளை எந்த நோயும் வராது என்று எவர் எழுதிக் கொடுத்தார்? மார்க்கப் பற்றைப் பார்த்துப் பெண் எடுக்கச் சொன்ன நபியின் உம்மத், தாயின் மருத்துவச் சீட்டைப் பார்த்துப் பெண் எடுக்கிறது. மறைப்பைக் கட்டாயமாக்குபவர்கள் முதலில் நீங்கள்தான்.

கணவன்மார்களுக்கும் சொல்ல வேண்டியுள்ளது. மனைவிக்கு அறுவை நடந்த பின் படுக்கையை வேறு அறைக்கு மாற்றியவர்களை அறிவேன். அவள் கீமோவில் கிடக்கும்போதே மறுமணப் பேச்சை எடுத்தவர்களையும் அறிவேன்; அதற்கு மார்க்கம் அனுமதித்துள்ளது என்று வாதாடவும் செய்கிறார்கள். அனுமதியை மட்டும் ஓதுகிறவர்கள், மனைவியரோடு நல்ல முறையில் வாழுங்கள் என்ற கட்டளையை (4:19) ஏன் ஓதுவதில்லை? நல்லவர்களும் இருக்கிறார்கள். அந்த ஐவரில் ஒருவரின் கணவர், மனைவியின் அறுவைத் தழும்பில் தினமும் இரவு மருந்து தடவிவிட்டு, "இந்தத் தழும்பாலதான் நீ எனக்கு மிஞ்சியிருக்கே" என்றாராம். அவர் பெரிய ஆலிம் அல்லர். மளிகைக் கடை வைத்திருப்பவர். அன்று நான் அவரிடம் பாடம் கற்றேன்.

நலம் விசாரிப்பு என்னும் தண்டனை

ஒரு முஸ்லிமுக்கு மற்றொரு முஸ்லிம் செய்ய வேண்டிய கடமைகளில் நோயாளியை நலம் விசாரிப்பதும் ஒன்று என்பதை அறிவோம். நாம் விசாரிக்கும் முறையைச் சற்று எண்ணிப் பார்ப்போம். "எங்க மாமிக்கும் இதே மாதிரிதான். ரெண்டே வருஷத்துல மவ்த்தாப் போயிட்டாங்க" என்கிறோம். "முடியெல்லாம் போச்சா, காட்டு" என்கிறோம். "என்ன பாவம் செஞ்சியோ" என்பவர்களும் உண்டு. "அவங்க தட்டைத் தனியா வை" என்று பேரப்பிள்ளைகளை இழுத்துக்கொள்வோரும் உண்டு. இது தொற்றுநோய் அன்று. தொட்டால் ஒட்டாது, ஒரே சஹனில் உண்டால் ஒட்டாது. ஒட்டுவது அந்தச் சொற்கள்தாம். ஆறாண்டுகளுக்கு முன் ஒருத்தி சொன்ன சொல்லை இன்றும் கண்ணீரோடு நினைவுகூர்கிறார் ஒரு சகோதரி.

இப்படி விசாரிப்பவர்கள் நிறைந்த ஊரில், குடும்பங்கள் நோயை மறைப்பதை நான் ஓரளவு புரிந்துகொள்கிறேன். ஆகவே மறைப்பவர்களை மட்டும் குற்றம் சொல்லிப் பயனில்லை. புறம் பேசுவோரும் சேர்ந்தே அந்தக் கதவைப் பூட்டியிருக்கிறோம்.

ஒரு நியாயமான மறுப்பு

"நோயாளிக்கு அந்தரங்கம் கிடையாதா? எல்லோரும் ஊரறியச் சொல்லித்தான் ஆக வேண்டுமா?" என்று ஒரு சகோதரர் கேட்டார். நியாயமான கேள்வி. எவரும் சொல்லித்தான் ஆக வேண்டும் என்று நான் கூறவில்லை. அவளுடைய உடல், அவளுடைய நோய். எவரிடம் சொல்வது, எவரிடம் சொல்லாதிருப்பது என்பதை அவளே முடிவு செய்வாள். அவள் மறைக்க விரும்பினால் அதைக் காப்பது நமக்கு அமானிதம். மறைக்கும் உரிமை நோயாளிக்கு உண்டு. மறைக்கும்படி அவளுக்குக் கட்டளையிடும் உரிமை நமக்கு இல்லை. இந்த இரண்டையும் நாம் குழப்பிக்கொண்டோம். நம் வீடுகளில் அவளை எவரும் கேட்பதே இல்லை. அவளுடைய ரகசியத்தை அவளைத் தவிர எல்லோரும் முடிவு செய்கிறோம்.

வாய் திறந்த பெண்களால் விளைந்த நன்மைகளைப் பாருங்கள். 1952-இல் நியூயார்க்கில் டெரீஸ் லாஸர் என்ற பெண்மணி தம் மார்பு அகற்றப்பட்ட பின், அதே அறுவைக்கு உள்ளான பிற பெண்களை மருத்துவமனைப் படுக்கையருகே சென்று பார்க்கத் தொடங்கினார். கைப்பயிற்சிக்கு ஒரு ரப்பர்ப் பந்தும் கயிறும், தற்காலிகச் செயற்கை மார்பும் கொண்டு போவார். சில மருத்துவர்கள் எதிர்த்தார்கள், அவர் நிறுத்தவில்லை. அந்த ஒரு பெண்ணின் நடை இன்று பல நாடுகளில் இயக்கமாகியிருக்கிறது. சவூதியின் ஜித்தாவில் சாமியா அல்அமூதி என்ற மகப்பேறு மருத்துவர், 2006-இல் தமக்கு மார்பகப் புற்றுநோய் கண்டபோது அதைத் தம் பெயரிலேயே நாளிதழில் எழுதினார். ஹிஜாப் அணிந்த, இரு பிள்ளைகளின் தாயான ஒரு முஸ்லிம் பெண். அவருடைய நாணம் எங்கும் போய்விடவில்லை. நம் சென்னையிலும், புற்றுநோய்க்குத் தங்கையைப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அந்தத் துயரத்தை வீட்டுக்குள் பூட்டி வைத்திருந்தால், 1954-இல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனை எழுந்திருக்குமா?

நாம் செய்ய வேண்டியவை

குறை சொல்லிவிட்டு நகர்வது ஆலிமாவுக்கு அழகன்று. என் கையால் ஆவதை முதலில் சொல்கிறேன். எங்கள் மதரஸாவின் மேல்மாடி அறை, மாதத்தின் முதல் வியாழன் பிற்பகலில் இந்தச் சகோதரிகளுக்காகத் திறந்திருக்கும். பெயர்ப்பலகை இல்லை, வருகைப் பதிவேடு இல்லை, பயானும் இல்லை. தேநீர் இருக்கும். நான் வாசலில் இருப்பேன். அழைத்தால் உள்ளே வருவேன். ஒவ்வொரு பெண்கள் மதரஸாவும் இதைச் செய்ய இயலும். ஓர் அறையும் ஒரு பிற்பகலும் போதும்.

பள்ளிவாசல் நிர்வாகிகளுக்கு: வலீமா விருந்துக்கும் கந்தூரிக்கும் திரளும் பணத்தில் ஒரு பங்கு, சிகிச்சைக்குச் செல்லும் பெண்ணின் பயணச் செலவுக்கும், உடன் செல்பவரின் தங்கும் செலவுக்கும் ஒதுக்கப்படட்டும். ஏழை நோயாளி ஸகாத் பெறத் தகுதியுள்ளவர் என்பதை ஜும்ஆவில் சொல்லுங்கள். முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்ட அட்டையைப் பெற்றுத் தர, படித்த இளைஞர் ஒருவரைப் பொறுப்பாக்குங்கள். பெறுபவரின் பெயர் பலகையில் வரவேண்டாம்.

ஆலிம் பெருமக்களுக்கு: இப்பெண்கள் கேட்கத் தயங்கும் சட்டங்களைக் கேட்காமலேயே சொல்லுங்கள். கட்டுப்போட்ட காயத்தின் மேல் மஸ்ஹு செய்வது, தண்ணீர் ஆகாதபோது தயம்மும் செய்வது, நோயாளி நோன்பை விட்டுப் பின்னர் கழாச் செய்வது, மீள இயலாதவர் ஃபித்யா கொடுப்பது, பெண் மருத்துவர் கிடைக்காத நிலையில் ஆண் மருத்துவரிடம் தேவையான அளவு காட்டுவது ஆகியவற்றை எந்தப் பெண் எழுந்து கேட்பாள்? நோன்பை விட்டால் "ஏன்?" என்ற கேள்வி வரும் என்பதற்காகவே, கீமோ நடந்த நாள்களில் நோன்பு வைத்து மயங்கி விழுந்தவர் அந்த ஐவரில் ஒருவர். அல்லாஹ் தந்த சலுகையை (2:185) அவர் ஊருக்குப் பயந்து பயன்படுத்தவில்லை. அந்தப் பொறுப்பில் நமக்கும் பங்குண்டு.

சகோதரிகளுக்கு: மார்பிலோ அக்குளிலோ கட்டி, காம்பில் கசிவு, தோலில் சுருக்கம் அல்லது குழிவு, வடிவில் மாற்றம் இவற்றில் எதைக் கண்டாலும், வலி இல்லை என்று விட்டுவிடாதீர்கள். பெரும்பாலான கட்டிகள் புற்றுநோய் அல்ல. எது என்பதை மருத்துவரே சொல்ல வேண்டும். 30 வயதைக் கடந்தவர்களுக்கு அரசு ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே பரிசோதனை செய்கிறார்கள். தனியே போக வெட்கமாக இருந்தால் இரண்டு பேராகப் போங்கள்.

இந்நோயைக் கடந்து வந்த சகோதரிகளுக்குத் தனியே ஒரு வேண்டுகோள். உங்கள் தெருவில் இன்று ஒருத்தி விழித்துக் கிடக்கிறாள். அவளுக்கு நீங்கள் யார் என்று தெரியாது. உங்களுக்கு இயலுமானால், உங்கள் மனம் ஒப்பினால், ஒரே ஒருவரிடமேனும் சொல்லுங்கள். அந்தச் செய்தி அவளைப் போய்ச் சேரும், இன்ஷா அல்லாஹ்.

அந்தத் தாய்க்கு

சென்ற மாதம் அந்தத் தாய் தம் மகளிடம் உண்மையைச் சொன்னார். மகள் அழுதாளாம். பிறகு, "ஏம்மா இத்தனை நாள் தனியா இருந்தீங்க?" என்று மட்டும் கேட்டாளாம். இப்போது தினமும் இரவில் உம்மாவின் கையைச் சுவரில் ஏற்றிவிடுவது அவள்தான்.

நானும் என் பயானைத் திருத்திக்கொண்டேன். அய்யூப் நபியின் வரலாற்றை இப்போது சொல்லும்போது, ஊரே விலகிய பின்னும் உடனிருந்து உழைத்ததாக விரிவுரையாளர்கள் குறிப்பிடும் அவர்களின் மனைவியைப் பற்றியும் சொல்கிறேன். பொறுமை நோயாளியின் கடமை என்றால், அருகில் இருப்பது நம் கடமை என்று முடிக்கிறேன்.

யா அல்லாஹ்! நோயுற்ற எங்கள் உம்மாக்களுக்கும் சகோதரிகளுக்கும் பரிபூரண ஷிஃபாவைத் தருவாயாக. அவர்களைத் தனியே விட்ட குற்றத்தை எங்களுக்கு மன்னிப்பாயாக. எங்கள் நாவுகளிலிருந்து அவர்களைப் பாதுகாப்பாயாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.